அலையாத்திக் காடும் ஊர்க்கூட்டமும்: கிள்ளை, பிச்சாவரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றில் வளரும் மாங்குரோவ் காடு. அதன் கரையில் உள்ள பேரூராட்சி கிள்ளை. மொட்டையாகிப்போன காட்டை இந்தப் பகுதியின் மீனவர்களும் இருளர் பழங்குடியினரும் உழவர்களும் 1990களில் மறுபடி வளர்த்தார்கள். காலநிலை மாற்றம் என்ற சொல் அப்போது ஊர்க்கூட்டங்களில் புழங்கவில்லை. ஆனால் கடலோர ஊர் ஒன்று இன்று செய்ய வேண்டியதில் பெரும்பகுதியை அந்த அனுபவத்திலிருந்தே கற்றுக்கொள்ளலாம். வேறு கடலோர ஊர்களில் இப்படி ஒரு வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

உலகம் முழுவதும் புகை கக்கி உண்டாக்கிய பிரச்சினை இது. ஒரு சின்ன ஊர் என்ன செய்துவிட முடியும்?

கடல்மட்டம் உயர்வதைக் கிள்ளையால் நிறுத்த முடியாது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. கணக்கின்படி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்த வேகம், 2006க்கும் 2018க்கும் இடையில் 3.7 மில்லிமீட்டராகிவிட்டது. இதில் கட்டுமரமும் நாட்டுப்படகும் ஓட்டுகிறவர்களின் பங்கு எவ்வளவு சிறியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் உயர்ந்த தண்ணீர் ஊருக்கு வந்து என்ன செய்யும் என்பதில் ஊருக்குப் பெரும் பங்கு இருக்கிறது. புயல் மழை வடிய வாய்க்கால் திறந்திருக்கிறதா, கடல்நீர் ஏறி இறங்கும் ஓதத்தோடு உப்பு வயலுக்கு ஏறுகிறதா, அலைக்கும் வீட்டுக்கும் நடுவில் காடு நிற்கிறதா, மணல்திட்டின் மேல் குடியிருப்பு இருக்கிறதா என்பதெல்லாம் உள்ளூரில் எடுக்கப்படும் முடிவுகள். டெல்லியும் ஜெனீவாவும் இவற்றை முடிவு செய்வதில்லை. ஊர் பேசாமல் இருந்தால் வேறு யாரோ ஊருக்காக முடிவு செய்துவிடுவார்கள்.

பிச்சாவரம் காடு ஏன் அழிந்தது? மீனவர்கள் விறகுக்கு வெட்டியதால்தானே?

இந்தக் குற்றச்சாட்டு நெடுங்காலம் அவர்கள் மேல் இருந்தது. விறகுக்கும் வேலிக்கும் கொஞ்சம் வெட்டினார்கள், மாடுகள் மேய்ந்தன, இரண்டும் உண்மைதான். ஆனால் பெரிய சேதம் வேறு வழியில் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து, ஒவ்வொரு பகுதியையும் முழுவதுமாக வெட்டி விற்றது நிர்வாகம். மற்றக் காடுகளில் வெட்டிய இடம் மறுபடி தழைக்கும் என்ற கணக்கை இங்கேயும் போட்டார்கள்.

அலையாத்திக் காட்டின் மண் அப்படிப்பட்டதல்ல. மரம் போனதும் சேற்றின் மேல் நேராக வெயில் விழுந்தது. ஈரம் ஆவியாகி மண் சுருங்கி, தரை சற்றே கீழே இறங்கியது. நடுவில் குழிந்த தட்டுப் போல ஆகிவிட்ட அந்த இடங்களுக்குள் பெரிய ஓதத்தின்போது கடல்நீர் வரும். வந்த நீருக்குத் திரும்பிப் போக வழி இல்லை. அது அங்கேயே தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை மட்டும் விட்டுச் செல்லும். அடுத்த ஓதம் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவரும். கோடையில் அந்த மண்ணின் உவர்ப்பு கடல்நீரைவிட இரண்டு மூன்று மடங்காக ஏறியது. அலையாத்தி மரம் உப்பைத் தாங்கும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. கடைசியில் உவர் மண்ணில் வளரும் உமரிச்செடி மட்டும் மிஞ்சியது.

பிச்சாவரத்தில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குக் குறைவு. அதனால்தான் தரை ஒரு சாண் இறங்கியதுகூட ஒரு காட்டைக் கொல்லப் போதுமானதாக இருந்தது. காட்டுக்குள் ஓடும் உப்பங்கழிகளின் ஓரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் அங்கே சுரபுன்னை என்ற அலையாத்தி இனம் செழித்து நிற்கும். படகில் போகிறவர் இருபுறமும் பச்சையைப் பார்த்துவிட்டுக் காடு நன்றாக இருக்கிறது என்று திரும்பிவிடுவார். அந்தப் பச்சைக்குப் பின்னால் இருந்த மொட்டைத் தரை கண்ணில் படாது. உள்ளே இறங்கி நடந்து இறால் தேடியவர்களுக்குத்தான் அது தெரிந்திருந்தது.

அப்படியானால் காடு எப்படித் திரும்பி வந்தது?

தண்ணீருக்கு வழி விட்டார்கள், காடு வந்தது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து 1990களில் செய்த வேலை இது. இயற்கையாக ஓடும் கழியிலிருந்து மொட்டைத் தரைக்குள் ஒரு முதன்மை வாய்க்கால் வெட்டினார்கள். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீனின் நடுமுள்ளும் பக்க முள்ளும் போலத் தெரியும், அதனால் மீன்முள் வாய்க்கால் என்றே பெயர் வந்துவிட்டது. ஓதம் ஏறும்போது நீர் உள்ளே போகிறது, இறங்கும்போது வெளியே வருகிறது, வரும்போது மண்ணில் தேங்கிய உப்பைக் கரைத்துக் கொண்டு வருகிறது.

வாய்க்கால் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்க வேண்டும். கரை செங்குத்தாக இருந்தால் இடிந்து விழுந்துவிடும். அதோடு, சரிவான அந்தக் கரையின் நடு மட்டம்தான் செடி வைக்கும் இடம். மேல் விளிம்பில் வைத்தால் ஈரம் போதாது, அடியில் வைத்தால் நாள் முழுவதும் மூழ்கிக் கிடக்கும். கோடையில் வாய்க்கால் வெட்டி, ஐப்பசி மழை உவர்ப்பை இறக்கியதும் வெண்கண்டல் என்ற இன்னோர் அலையாத்தி இனத்தின் விதையை ஊன்றுவது முறை.

செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2003இல் வெளியான ஓர் ஆய்வு, 1986 முதல் 2002 வரையான காலத்தில் பிச்சாவரத்தின் காட்டுப்பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியதாகக் காட்டியது. பிறகு முத்துப்பேட்டையிலும், ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களிலும், ஒடிசாவிலும் இதே முறை கையாளப்பட்டது. 2022இல் பிச்சாவரம் ராம்சர் உடன்படிக்கையின் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

இதில் ஊர் மக்களின் பங்கு என்ன? நிறுவனமும் அரசும் செய்த வேலைக்கு ஊரின் பெயரைப் போடுகிறார்களா?

நியாயமான சந்தேகம். பணம் வெளியிலிருந்து வந்தது. இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியின் உதவி அதில் முக்கியமானது. அளவெடுத்ததும் வரைபடம் போட்டதும் விஞ்ஞானிகள். ஆனால் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தக் கழி எந்த மாதம் அடைபடும், மீன்குஞ்சு எங்கே ஒதுங்கும் என்ற அறிவு மீனவரிடமும் இருளரிடமும் இருந்தது. வெட்டிய கை அவர்களுடையது. வளர்ந்த செடியை மாடு மேயாமல் காத்ததும் அவர்கள்.

ஒவ்வொரு ஊரிலும் ஆண்களும் பெண்களும் உறுப்பினராக உள்ள மன்றம் அமைத்து, வனத்துறையோடு சேர்ந்து அந்தந்த ஊருக்கென்று திட்டம் எழுதினார்கள். வெட்டும் வேலைக்குக் கூலி உண்டு. விறகுக்கு மாற்று என்ன, குடிநீர், பாதை, வலை, படகு என்ற பேச்சும் அதே கூட்டத்தில் நடந்தது. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். காட்டைப் பற்றி மட்டும் பேசும் கூட்டத்துக்கு இரண்டாம் முறை யாரும் வரமாட்டார்கள்.

இருளர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேற்று நீரில் முழங்காலிட்டு, பனையோலைப் பறியோடு, கையால் தடவித் தடவி இறால் பிடிப்பவர்கள் அவர்கள். காடு செத்தால் முதலில் பட்டினி கிடப்பவர்கள். ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தில் அவர்களுக்கு நாற்காலி கிடைத்தது குறைவு, சாதிச் சான்றிதழுக்கே அலைந்தவர்கள் பலர். எந்த ஊரிலும் காலநிலைக்காக ஒரு குழு அமைத்தால், முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: தண்ணீர் ஏறினால் முதலில் நனையும் வீடு யாருடையது, அவர் கூட்டத்தில் இருக்கிறாரா?

எங்கள் ஊரில் மரக்கன்று நடும் விழா நடத்த ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் கன்று தருகிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

தண்ணீர் ஓட்டத்தைப் பார்க்காமல் கன்று நடுவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கோபத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விழாக்கள் வீணாக்குவது பணத்தை மட்டுமல்ல, ஊரின் நம்பிக்கையையும் சேர்த்துத்தான்.

சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கடலோரம் முழுவதும் அலையாத்தி நட்டார்கள். 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், 9 இடங்களில் ஒரு செடிகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்திருந்த இடங்கள் மூன்றுதான். 1000 முதல் 1200 ஹெக்டேர் வரை நட்டதில் 200 ஹெக்டேரைச் சற்றுத் தாண்டிய அளவே தேறியது. காரணங்கள் எளிமையானவை. அந்த மண்ணுக்கு ஒவ்வாத இனத்தை நட்டார்கள். தண்ணீர் எந்நேரமும் மூடிக்கிடக்கும் இடத்தில் நட்டார்கள். நட்டபின் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிலிப்பைன்ஸிலும் பல ஆண்டுகள் இதே கதை நடந்திருக்கிறது.

சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, விரல் நீளத்துக்கும் மேலாகத் தொங்கும். பறித்துச் சேற்றில் குத்தினால் நட்ட வேலை முடிந்தது, படமும் அழகாக வரும். அதனால்தான் எல்லா விழாக்களிலும் சுரபுன்னையே நடப்படுகிறது. முத்துப்பேட்டைக் காடு ஏறக்குறைய முழுவதும் வெண்கண்டல். அங்கே சுரபுன்னையை வரிசையாகக் குத்திவைப்பதற்கு ஊர் சார்பில் காரணம் கேட்க வேண்டும்.

நிறுவனத்திடம் இப்படிச் சொல்லிப்பாருங்கள்: கன்றுக்கு ஒதுக்கிய பணத்தை வாய்க்கால் வெட்டவும் ஐந்தாண்டு தூர் வாரவும் தாருங்கள். ஓதம் சரியாகப் போய்வரும் இடத்தில் விதை தானாகவே மிதந்து வந்து ஊன்றிக்கொள்ளும். ஒத்துக்கொள்கிறவர்கள் நல்ல துணைவர்கள். படம் எடுக்க மட்டும் வருகிறவர்கள் அந்தப் பேச்சிலேயே விலகிக்கொள்வார்கள்.

வாய்க்கால் ஒருமுறை வெட்டினால் போதுமா?

போதாது. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையும் வண்டலைக் கொண்டுவந்து வாய்க்காலின் வாயை அடைக்கும். மரங்கள் வளர்ந்து தாமே மண்ணைப் பிடிக்கும் வரையிலாவது தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். திட்டங்கள் மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று முடிந்துவிடுகின்றன, வண்டல் அதற்குப் பிறகும் வருகிறது. சமூகக் காடுகள் பின்னடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பணத்துக்கு ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. ஊரக வேலை உறுதித் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கானது, கிள்ளை போன்ற பேரூராட்சியின் எல்லைக்குள் அது வராது. பக்கத்து ஊராட்சியோடு சேர்ந்து திட்டம் போட்டால் ஒரு பகுதி வேலைக்கு வழி கிடைக்கும். 2023-24 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட மிஷ்டி திட்டம் அலையாத்திக் காடுகளுக்கென்றே வந்தது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அதன் தலைவர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். மனு கொடுக்கும்போது கன்று எண்ணிக்கையைக் கேட்காமல், பராமரிப்புக்கென்று தனி ஒதுக்கீடு கேளுங்கள்.

சுனாமியின்போது காடு ஊர்களைக் காப்பாற்றியது உண்மையா?

பெரும்பாலும் உண்மை, ஆனால் சொல்லும்போது கவனம் வேண்டும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடலூர் மாவட்டக் கடற்கரையில் நடந்த ஆய்வுகள், காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று காட்டின. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வும் அதில் ஒன்று. அதை மறுத்தவர்களும் இருந்தார்கள். கடலிலிருந்து எவ்வளவு தொலைவு, தரை எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் கணக்கில் எடுத்தால் காட்டின் தனிப் பங்கு குறைந்துவிடுகிறது என்றார்கள்.

என் பார்வையில் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். காட்டுக்கு முன்னால், மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு போன்ற குடியிருப்புகளைக் காடு காப்பாற்றவில்லை. காப்பாற்றவும் முடியாது. காடு அலையின் வேகத்தைத் தணிக்கும், புயல் நீர் உள்ளே ஏறுவதைத் தாமதப்படுத்தும். எச்சரிக்கையும் உயரமான புகலிடமும் ஓடுவதற்குச் சாலையும் இல்லாத ஊரில், காடு இருக்கிறது என்று யாரும் வீட்டிலேயே தங்கிவிடக் கூடாது.

காடும் அடிபடும் என்பதற்கு 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் சாட்சி. முத்துப்பேட்டையில் பெரும் பரப்பில் மரங்கள் முறிந்தும் சாய்ந்தும் போயின. அடி வாங்கிய காடு மீண்டு வரவும் தண்ணீர் ஓட்டம் வேண்டும்.

அலையாத்தி வளராத மணல் கடற்கரையில் சவுக்கு நடலாமா?

கடலை ஒட்டிய மணல்மேட்டில் வேண்டாம். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கடற்கரையில் பல இடங்களில் மணல்மேட்டைச் சமன்படுத்திச் சவுக்கு நட்டார்கள். ஆமை முட்டையிடும் மணல் போனது, தாமே அரணாக நின்ற மேடுகளும் போயின. மணல்மேட்டுக்கு அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் போதும். அவை மணலைப் பிடித்துவைக்கும், புயல் வந்தால் கொஞ்சம் மணலைக் கொடுத்துவிட்டு மறுபடி சேர்க்கும். உள்ளே தள்ளி, பட்டா நிலத்தில் வருமானத்துக்காகச் சவுக்கு போடுவது வேறு விஷயம்.

கடலரிப்புக்குக் கல் கொட்டச் சொல்லி மனு கொடுக்கலாமா?

கடல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டவர் கல் கேட்பதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. ஓர் ஊரில் கடலுக்குள் கல்லை நீட்டினால் அதன் வடக்கே உள்ள ஊருக்கு மணல் வராது. 1980களின் இறுதியில் துறைமுகத்துக்கான அலைத்தடுப்புகள் கட்டப்பட்ட பிறகு புதுச்சேரி நகரத்துக் கடற்கரை காணாமல் போனது, அரிப்பு வடக்கே ஒவ்வொரு குப்பமாக நகர்ந்தது. வடக்கு ஊரையும் கூட்டத்துக்கு அழைக்காமல் கல்லுக்கு மனு கொடுக்காதீர்கள்.

கடல்மட்டம் ஏறிக்கொண்டே போனால் காடே மூழ்கிவிடாதா?

அந்த அபாயம் இருக்கிறது. அலையாத்தி மரம் தன் வேர்களில் வண்டலைப் பிடித்து, தான் நிற்கும் தரையைத் தானே உயர்த்திக்கொள்ளும். பழங்காலச் சேற்றுப் படிவங்களை வைத்து 2020இல் வெளியான ஆய்வு, கடல்மட்டம் ஆண்டுக்கு 6 முதல் 7 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் இந்தக் காடுகளால் ஈடுகொடுக்க முடியாது என்று கணித்தது. இப்போதைய வேகத்துக்கும் அந்த எல்லைக்கும் இடைவெளி உண்டு, ஆனால் அது சுருங்கி வருகிறது. ஆகவே புகையைக் குறைக்கும் உலகப் பேச்சும் கிள்ளையின் பேச்சுதான்.

உள்ளூரில் கவனிக்க வேண்டியவை இரண்டு. வண்டல் வர வேண்டும், காடு பின்வாங்க இடம் வேண்டும். கொள்ளிடத்தில் நன்னீர் வருவது இப்போது பெரும்பாலும் வெள்ளக் காலத்தில்தான். அணைகளில் வண்டல் நின்றுவிடுகிறது, ஆற்றில் மணல் அள்ளப்படுகிறது. மேலே திருச்சிப் பக்கத்தில் நடக்கும் மணல் கொள்ளை கடைமடையில் காட்டின் உயரத்தைக் குறைக்கிறது என்பதைக் காவிரி பற்றிய பேச்சில் நாம் இன்னும் போதுமான அளவு சேர்க்கவில்லை. அதேபோல, காட்டின் பின்புறம் சாலையோ மதிலோ பண்ணைக் கரையோ எழுந்துவிட்டால், கடல் முன்னால் தள்ளும்போது காடு ஒதுங்க இடமே இருக்காது. அந்தப் பின்புற நிலத்தை வெறுமையாக வைத்திருப்பது அடுத்த தலைமுறைக்குச் செய்யும் பெரிய உதவி.

இறால் பண்ணைகளை என்ன செய்வது?

இந்தப் பிரச்சினையில் டெல்டாவுக்கு ஒரு போராட்ட வரலாறு உண்டு. 1990களில் பண்ணைகள் பெருகி, குடிநீர் உவர்த்து, வயல் பாழாகி, கடலுக்குப் போகும் வழி அடைபட்டபோது சர்வோதயத் தலைவர்கள் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் ஊர் மக்களைத் திரட்டினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் உள்ள பண்ணைகளை, பாரம்பரிய முறைகள் நீங்கலாக, அகற்ற உத்தரவிட்டது. பின்னர் 2005இல் வந்த சட்டம் பதிவு பெற்ற பண்ணைகளுக்கு வழி திறந்துவிட்டது.

இன்று பண்ணையில் வேலை செய்கிறவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். பதிவு இருக்கிறதா, கழிவுநீரைச் சுத்திகரித்து விடுகிறார்களா, பொது வாய்க்காலை அடைத்திருக்கிறார்களா என்று மூன்றையும் எழுத்தில் கேட்பது ஊரின் உரிமை. பண்ணைக் கரையைச் சுற்றியும் குளத்தின் நடுவிலும் அலையாத்தி வளர்த்து, ஓதநீரை விட்டு வாங்கி, தீவனம் குறைத்து மீனும் நண்டும் வளர்க்கும் முறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தால் முயன்று பார்க்கப்பட்டது. லாபம் குறைவு, நஷ்டமும் குறைவு.

இந்தக் காடு கார்பனைச் சேமிப்பதற்கு ஊருக்குப் பணம் வருமா?

வரலாம், ஆனால் அதை நம்பித் தொடங்காதீர்கள். அலையாத்திச் சேறு காற்றுப் புகாதது. விழுந்த இலையும் வேரும் அதில் எளிதில் மட்குவதில்லை, அதனால் பரப்புக்குப் பரப்பு பார்த்தால் மற்ற வெப்பமண்டலக் காடுகளைவிடப் பல மடங்கு கார்பன் அங்கே புதைந்திருக்கிறது. கென்யாவில் மொம்பாசாவுக்குத் தெற்கே கஸி விரிகுடாவில் மிக்கோக்கோ பமோஜா என்ற ஊர் அமைப்பு, 117 ஹெக்டேர் காட்டைக் காத்து, 2013 முதல் காடு சேமிக்கும் கார்பனுக்கான சான்றுகளை விற்கிறது. அந்தப் பணம் குடிநீருக்கும் பள்ளிக்கும் போகிறது.

அங்கே ஊர் அமைப்புக்கும் வனத்துறைக்கும் இடையே சட்டபூர்வமான ஒப்பந்தம் இருக்கிறது. பிச்சாவரம் காப்புக்காடு, நிலம் வனத்துறையுடையது. காத்தவர் ஊர், நிலம் அரசு என்றால் விற்கிற கார்பன் யாருடையது? இதற்கு எழுத்தில் பதில் வராமல் எந்த இடைத்தரகரிடமும் கையெழுத்துப் போடக் கூடாது.

நாங்களே மண்வெட்டியோடு இறங்கி வாய்க்கால் வெட்டலாமா?

கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி மண்ணைத் தொட்டால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி அலையாத்திக் காடு மிக உயர்ந்த பாதுகாப்புள்ள பிரிவில் வருகிறது. அதோடு, மட்டம் பார்க்காமல் வெட்டிய வாய்க்கால் நீரை வெளியேற்றாமல் இன்னும் உள்ளே இழுத்துத் தேக்கிவிடும். வனத்துறையோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

ஆனால் சட்டம் உங்களுக்குக் கொடுப்பதும் உண்டு. கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவர் குடியிருப்பு, மீன் காயவைக்கும் இடம், வலை பின்னும் இடம், படகு ஏற்றும் கரை எல்லாம் குறிக்கப்பட வேண்டும். பல ஊர்களின் பொது இடங்கள் வரைவு வரைபடங்களில் விடுபட்டுப் போயின என்று மீனவர் அமைப்புகள் தொடர்ந்து முறையிட்டு வந்திருக்கின்றன. வரைபடத்தில் இல்லாத இடம் நாளை காலி இடமாகக் காட்டப்படும். உங்கள் ஊர்ப் பக்கத்தை வாங்கிப் பாருங்கள், விடுபட்டதை எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

உழவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கடைமடை வயலுக்குள் உப்புநீர் ஏறுவது வடிகாலின் வழியாகத்தான். ஓதம் ஏறும்போது மூடி, மழை வடியும்போது திறக்க வேண்டிய மதகு ஊரில் பழுதாகிக் கிடந்தால், மற்ற எல்லாக் காலநிலைத் திட்டங்களுக்கும் முன்னால் அதைச் சரிசெய்யுங்கள். உவர் நிலத்தைத் தாங்கும் குழியடிச்சான், கலர்பாலை போன்ற நம் பழைய நெல் வகைகளின் விதை இன்னும் சிலர் கையில் இருக்கிறது.

சுற்றுலாவால் காட்டுக்குக் கெடுதல்தானே?

துடுப்புப் படகால் பெரிய கெடுதல் இல்லை. பிளாஸ்டிக்கும் மோட்டார் சத்தமும்தான் கெடுதல். படகோட்டிகள் உள்ளூர்க்காரர்கள், அவர்கள் பிழைப்பும் காட்டில் இருக்கிறது. காட்டின் கதையை அவர்களே சொல்லும்படி பயிற்சி கொடுத்தால், கழியோரப் பச்சைக்குப் பின்னால் நடந்ததும் வருகிறவர்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் முதல் ஆண்டு என்னதான் செய்வது?

முதல் ஆண்டு ஒரு கன்றும் நடாதீர்கள். பெரியவர்களை உட்காரவைத்து, அவர்கள் சிறு வயதில் கழி எந்த வழியாக ஓடியது, முகத்துவாரம் எங்கே திறந்தது, எந்தக் குட்டையில் மடவை கிடைத்தது என்று கேட்டு ஒரு பெரிய தாளில் வரையுங்கள். இறாலும் நண்டும் பிடிக்கும் பெண்களைத் தனியாகக் கேளுங்கள், ஆண்கள் சொல்லாத இடங்களை அவர்கள் சொல்வார்கள். அமாவாசை, பௌர்ணமி ஓதங்களில் தண்ணீர் எங்கே வரை வருகிறது, எத்தனை மணிக்கு வடிகிறது, எங்கே வடியவில்லை என்று குச்சி நட்டுக் குறியுங்கள். ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் போதும், ஒரு சொட்டு நீரில் உவர்ப்பைப் படித்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகள் இதை எளிதில் கற்றுக்கொள்வார்கள். சித்திரையில் ஒரு கணக்கு, கார்த்திகையில் ஒரு கணக்கு.

அந்தத் தாளையும் கணக்கையும் எடுத்துக்கொண்டு வன அலுவலரிடம் போங்கள். கையில் ஓராண்டுக் கணக்கு இருந்தால், எந்தத் திட்டம் வந்தாலும் எங்கே வெட்ட வேண்டும், எங்கே கை வைக்கக் கூடாது என்று நீங்கள்தான் முதலில் பேசுவீர்கள்.